சும்மா பார்க்கப் போன காவடி

எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. ஐயா, அதாவது என் தகப்பனார், திருவிழாக்களில் காப்புக்கடை போடுபவர். கடை என்றால் நாலு கம்பு, மேலே விரிக்க ஒரு படங்கு, இரண்டு தகரப் பெட்டி. எந்தக் கோயிலில் கொடியேறுகிறதோ அங்கே தட்டிவானில் போய் இறங்குவோம். தீர்த்தம் முடிந்ததும் அடுத்த கோயில். திருவிழா இல்லாத மாதங்களில் சந்தை சந்தையாகத் திரிவோம். சமையலும் படுக்கையும் படங்குக்குப் பின்னால்தான்.

கண்ணாடிக் காப்புகளுக்கு நடுவில் நானும் தங்கச்சியும் காலுக்குள் நின்றால் ஐயாவுக்குப் பொல்லாத கோபம் வரும். எங்களை எங்கேயாவது கொண்டுபோய்ப் பொழுதுபோக்குவது அம்மாவின் பாடு. அதற்கென்று ஐயா ஒரு சதமும் தரமாட்டார். அம்மா அதில் கெட்டிக்காரி. பெட்டியை இறக்கிய கையோடு, தண்ணீர் அள்ள வரும் பெண்களோடு கதைத்து, அந்த ஊரில் சும்மா பார்க்க என்ன இருக்கிறது, சும்மா குளிக்க எங்கே விடுவார்கள் என்று அறிந்துகொண்டு வந்துவிடுவார்.

தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களில் ஒருவருக்கும் காய்ச்சல், வருத்தம் என்று ஒன்றுமில்லை. நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் சனத்தோடு சனமாக உள்ளே போய், மரநிழலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, வெள்ளை உடுப்புத் தாதிமாரை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம். தங்கச்சிக்குக் கொண்டாட்டம். எனக்கோ, யாராவது பிடித்து ஊசி போட்டுவிடுவார்கள் என்று பயம், அம்மாவின் சேலைத் தலைப்பை விடவேயில்லை.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரி ஒருவர் தன் கிணற்றடித் தொட்டியில் எங்களைக் குளிக்க விட்டார். இயந்திரம் தண்ணீரை இறைத்துக் கொட்டும்போது தங்கச்சி உள்ளே துள்ளுவாள். நான் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வாழைமரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். தோட்டக்காரி அவள் தலையைத் துவட்டி, கையில் ஒரு கரட் கிழங்கும் கொடுத்து அனுப்புவார். எனக்குப் பத்து வயது, நான் பயப்படாத சாமான் உலகத்தில் இல்லை. தங்கச்சிக்கு நாலு வயது, பயம் என்றால் என்னவென்றே தெரியாது.

அங்கிருந்து நேரே தொண்டைமானாற்றுக்கு வந்தோம். சந்நிதி முருகனுக்குத் திருவிழா. தேரன்று கடையில் மூச்சுவிட இடமில்லை, அம்மாவும் ஐயாவுக்குத் துணையாக நிற்கவேண்டி வந்தது. எங்களைக் காவடி பார்த்துவிட்டு வரச் சொன்னார். காவடி பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

"தங்கச்சியின்ரை கையை மட்டும் விட்டிடாதை. பக்கத்திலை ஆறு கிடக்கு," என்றார். ஆறு என்றது கோயிலை ஒட்டிக் கிடக்கும் கடலேரியை. நான் "ஓம்" என்றேன்.

சனத்துக்குள் நுழைந்து முன்வரிசையில் நின்றோம். மேளம் காதைப் பிளந்தது. முதுகில் இரும்புக் கொக்கி முட்கள் குத்திய ஒருவர் ஆடிக்கொண்டு வந்தார். முட்களில் கட்டிய கயிறுகளை இன்னொருவர் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தார். எங்கள் முன்னால் வந்ததும் காவடிக்காரர் சுழன்று திரும்பினார். முதுகுத் தோல் இழுபட்டு எழும்பி நின்றது. கண்ணைப் பொத்திக்கொண்டேன், இரண்டு கைகளாலும்.

மேளம் தள்ளிப் போகும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது தங்கச்சி இல்லை.

உடனே அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். அடிக்குப் பயந்து கோயில் வீதியை இரண்டு தரம் சுற்றினேன். தண்ணீர்க்கரையில் நின்று, குளிக்கிற ஒவ்வொரு சின்னத் தலையாகப் பார்த்தேன். பிறகுதான் கடைக்குப் போனேன். அம்மா ஒரு பெண்ணுக்குக் காப்புப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கண்டதும் அவர் கை அப்படியே நின்றது.

"எங்கையடி தங்கச்சி?"

"கையை உதறிப்போட்டு ஓடிட்டாள்," என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. பயத்தில் வாயில் அதுதான் வந்தது.

ஐயா ஒலிபெருக்கி இருந்த கொட்டகைக்கு ஓடினார். அம்மா நேரே ஆற்றுக்குப் போய்ச் சேலையோடு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் அடியைத் தடவினார். தோணிக்காரர் இருவர் கம்போடு இறங்கி அவருக்கு அப்பால் தேடினார்கள். ஒலிபெருக்கியில் தங்கச்சியின் சட்டை நிறத்தைச் சொன்னது கேட்டது. கம்பு தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு தரமும் எனக்கு உயிர் போனது. அவள் செத்துவிட்டாள், கொன்றது நான் என்றே நினைத்தேன். கோபுரத்தைப் பார்த்து நேர்த்தி வைத்தேன். முருகா, அவளைத் தா, நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முருகன் தந்தார். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நடந்தது இதுதான். தனியாக நின்றவளைக் கண்டு யாரோ நல்ல மனிதர்கள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கொஞ்சமும் அழாமல் சண்டிலிப்பாய் என்று சொல்லியிருக்கிறாள். கடைசியாக இருந்த ஊர்தானே அவளுக்கு ஊர். அவர்களும் அவளைக் கொண்டுபோய், சண்டிலிப்பாய்க்குப் புறப்பட நின்ற வானில் ஏற்றிவிட்டார்கள். அந்த வானுக்குள், திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பும் தோட்டக்காரி இருந்தார்.

"உது காப்புக்கடைக்காரற்ரை பிள்ளையெல்லே எண்டு வானை மறிச்சுப்போட்டு இறங்கினனான்," என்றார்.

அம்மா நனைந்த சேலையோடு தங்கச்சியை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். அந்தச் சின்னக் கையில் சுள்ளென்று இரண்டு அடியும் போட்டார். இனி அக்காவின் கையை உதறிவிட்டு ஓடுவாயா என்று கேட்டார். தங்கச்சி அழுதுகொண்டே மாட்டேன் என்றாள். நான் குனிந்து அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் இறங்கினாலும் அம்மா முதலில் அந்த ஊர்ப் பெயரைத் தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுப்பார். பத்துத் தரம் சொல்லவைத்த பின்புதான் சும்மா பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரிக்கப் போவார். எங்களைத் தனியே விடவேயில்லை. நான் உண்மையைச் சொல்வதற்கு எத்தனையோ ஊர்கள் வந்து போயின. பிறகு அம்மாவும் போய்விட்டார்.

நேர்த்தி தவறினால் சாமி சும்மா விடாது என்பார்கள். நான் சந்நிதிப் பக்கம் போவதில்லை. தங்கச்சி ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள், நான் ஏதாவது சாட்டுச் சொல்லுவேன். அந்தக் கதையை அவள் தன் பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். "நான் சரியான குழப்படி. கையை உதறிப்போட்டு ஓடிட்டன். அக்கா பாவம், என்ன பாடுபட்டவ," என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னக்கா?" என்று கேட்பாள்.

நான் ஒவ்வொரு தரமும் "ஓம்" என்கிறேன்.