ரோல்ஸ் இல்லாத கூட்டம்

"லிஃப்ட் எப்ப திருத்துவினமாம்?"

கணவர் பாலா தினமும் விக்னேஸ்வரியிடம் கேட்கும் கேள்வி இது. விக்னேஸ்வரி, செவன் ஹில்ஸில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் நான்காம் மாடிக்கு ஏறி வருவார். ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நிற்பார். அந்த நேரத்தையும் வீணாக்கமாட்டார். பக்கத்துக் கதவைத் தட்டி, "இண்டைக்கும் ஓடேல்லை, பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி.

வென்ட்வேர்த்வில் புறநகரில் பதினாறு வீடுகள் கொண்ட கட்டடம் அது. வீடுகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தம். நிர்வாகம் மட்டும் ஒரு கம்பனியின் கையில். பதினொரு வாரமாக லிஃப்ட் ஓடவில்லை. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பாலா பதினொரு வாரமாக வாசலைக்கூடப் பார்க்கவில்லை. கம்பனிக்காரர் மின்னஞ்சலில் 'கவனத்தில் உள்ளது' என்று எழுதுவார்.

"கவனமாம்! தன்ர தாயை நாலாம் மாடியில பதினொரு கிழமை இருத்திப் பாக்கச் சொல்லுங்கோ," என்பார் விக்னேஸ்வரி.

கம்பனியை நீக்கிவிட்டு நிர்வாகத்தைத் தாங்களே எடுப்பதற்கு, கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூட்டினார். அங்கேதான் பிழை விட்டார். வந்த ஆட்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி அறுபது ரோல்ஸ் பொரித்தார். முதல் தட்டைக் கூட்டத்தை நடத்த வந்த கம்பனிக்காரரிடமே நீட்டினார். அந்த மனுசன் ருசித்துச் சாப்பிட்டு, மனைவிக்கும் இரண்டு கேட்டு வாங்கி, எல்லோருடைய பிள்ளைகளையும் சுகம் விசாரித்தார். பிறகு வாக்கெடுப்பு. எழுந்தவை நாலே கைகள்.

"முகத்துக்கு நேரா எப்படிக்கா கையத் தூக்குறது? இப்பதான ஒண்ணா சாப்பிட்டோம்," என்றார் இரண்டாம் மாடி வெங்கட்ராமன்.

"ரோல்ஸ் பொரிச்சது நான், தம்பி. அவர் இல்லை!"

அடுத்த கூட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதுவரைக்கும் படியில் நின்று திட்டினார். "கை தூக்க வெக்கமெண்டா என்ர மனுசனைத் தூக்கிக்கொண்டு கீழ போங்கோ."

ஒரு சனிக்கிழமை வெங்கட்ராமனும் வேறு மூவரும் நிஜமாகவே வந்து, நாற்காலியோடு பாலாவைத் தூக்கினார்கள். இரண்டு மாடி இறங்குவதற்குள் பாரம் தாங்க முடியாமல் போனது. நடுப்படியில் இறக்கி வைத்தார்கள். பாலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பவும் மேலே தூக்கிச் சென்றபோது வெங்கட்ராமனும் அழுதார்.

இரண்டாவது கூட்டத்தில் தேநீர் இல்லை, தண்ணீர்கூட இல்லை. கம்பனிக்காரர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளை விசாரிக்கத் தொடங்கினார்.

"பிள்ளையள் சுகம். வாக்கை எடுங்கோ," என்றார் விக்னேஸ்வரி.

வெங்கட்ராமனின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு இன்னும் பன்னிரண்டு கைகள்.

கம்பனிக்காரர் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்க வந்தார். விக்னேஸ்வரி குலுக்கவில்லை. லிஃப்ட் அறைச் சாவிக்காக, உள்ளங்கையை விரித்து நீட்டியபடியே நின்றார்.

உங்கள் கட்டடத்திலும் முகம் பார்த்துக் கையை மடியில் வைத்திருக்கும் யாரோ ஒருவர் இருப்பார். இதை அவரிடம் சொல்லுங்கள்.