கணிதப் புத்தகத்தில் ஒரு யானை

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஹாஜறா தொலைபேசியில் சண்டை பிடித்தாள். கல்முனையில் அபாயா தைப்பவர்கள் பலர் உண்டு. வாய் நிறைய ஊசியோடு பள்ளிக்கூட அதிபரை வாயடைக்கச் செய்பவள் இவள் ஒருத்திதான். "ஓம் சேர், இவக்கு ஒரு குறையுமில்லயெண்டு நீங்க சொல்றீங்க. அப்ப என்ட புள்ளைக்கு ஏன் ஒரு வரி வாசிக்கத் தெரியல்ல?"

அதிபர் காலிதீனையும் குறை சொல்ல முடியாது. நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் சஹ்லாவுக்கு அப்படியொரு காது. மத்ரஸாவில் மௌலவி ஒருமுறை ஓதினால் போதும், பிசகில்லாமல் திருப்பி ஓதிவிடுவாள். அதே வித்தையைப் பள்ளிக்கூடத்திலும் காட்டினாள். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுவிட்டு, புத்தகத்தை விரித்து, விரலையும் ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பாள். ஓதலுக்கு உயிரை விடும் ஊரல்லவா, எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்பாதவர் விசேட கல்வி படித்த நஜ்லா டீச்சர் மட்டும்தான். "இது மக்குத்தனமில்ல ஹாஜறா, டிஸ்லெக்சியா. முறையாப் படிப்பிச்சா வாசிப்பா" என்று சொன்னவர் அவர். அவரையோ அதிபர் படிப்பிக்க விடாமல் தன் அறையில் கணினி தட்ட இருத்தியிருந்தார்.

டீச்சர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து ஹாஜறாவுக்குப் பயம். இந்தக் காது இன்னும் எத்தனை வகுப்புக்குத் தாங்கும்? பிறகு மகளை வகுப்பின் கடைசி வாங்கில் ஒதுக்கி இருத்திவிடுவார்களே என்று தையல் மெசின் சத்தத்துக்குள் அழுதிருக்கிறாள். அழுது முடித்ததும் அவளுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கும். ஆபத்தே அங்குதான்.

கல்வி அதிகாரி வரும் நாள் தெரிந்தது. விருந்தாளி வந்தால் வாசிக்க எழுப்புவது சஹ்லாவைத்தான். முதல் நாள் மாலை ஹாஜறா தமிழ்ப் புத்தகத்தின் உறையைக் கழற்றிக் கணிதப் புத்தகத்துக்கு மாட்டினாள்.

"அவங்க ஏசுவாங்களே உம்மா?"

"ஏசட்டும் கிளி. ஏச்சு எனக்கு, சிரிப்பு உனக்கு."

மறுநாள் சஹ்லா எழுந்து, வயலுக்குள் யானை புகுந்த பாடத்தைத் துப்பரவாக வாசித்தாள். பிளிறும் இடத்தில் பிளிறவும் செய்தாள். மகிழ்ந்துபோன அதிகாரி, யானைப் படத்தைப் பார்க்கலாமென்று புத்தகத்தை வாங்கினார். உள்ளே பின்னங்கள்.

சாப்பாட்டுப் பெட்டி கொடுக்க வந்தவளைப் போல ஹாஜறா யன்னலால் தலையை நீட்டினாள். "புள்ளைக்கு எழுத்துத் தெரியாது சேர். நான் நெடுகச் சொல்லித்தான் வாறன். படிப்பிக்கத் தெரிஞ்ச டீச்சர் ஒபிசுக்குள்ள இரிக்கா." அதிகாரி சிரித்தார். காலிதீன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நஜ்லா டீச்சர் கணினியை விட்டு எழும்பினார்.

இப்போது தினமும் காலையில் சஹ்லா மணல் தட்டில் விரலால் எழுதி, எழுத்தின் ஓசையைச் சொல்லிச் சொல்லிப் படிக்கிறாள். மெல்லத்தான் போகிறது. பழைய வித்தையைக் காட்டப் பார்த்தால் டீச்சர் புதுச் சொல்லொன்றைப் போட்டு மடக்கிவிடுவார். ஹாஜறாவைக் கண்டால் அதிபர் மற்ற வாசலால் போகிறார். அவர் மனைவியின் அபாயாவை மட்டும் இவள் சொன்ன நாளுக்கு முந்தியே தைத்துக் கொடுத்துவிட்டாள்.

போன வியாழன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஸ்கூட்டியின் பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. "ப... ழ... பழ..." யாரும் வாசித்துக் காட்டாத ஒரு கடைப் பலகை. ஹாஜறா நடு வீதியிலேயே பிரேக் பிடித்தாள். பின்னால் அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டியது.

"பொறுங்க உம்மா, இன்னும் முடியல்ல."

ஹாஜறா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, பஸ்ஸுக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.