முதல் மாணவிக்கு மேல்மாடி

குக் மல்சுன் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்லுவாள். எங்கேயாவது தப்பு வந்துவிட்டால் தானே விழித்துத் திருத்திவிட்டு மறுபடியும் தூங்குவாள். நம்பாதவர்கள் எங்கள் ஹாஸ்டல் அறையில் படுத்திருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்கொரியாவில் தேகு நகரத்து நூல் ஆலை அது. ஆலைக்குள்ளேயே ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு எதிரே பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பள்ளியும் முதலாளி கட்டியதுதான். ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, வெள்ளைக் காலர் வைத்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம். ஃபீஸ் கிடையாது. புத்தகம் இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஆலை வேலையை விட்டால் பள்ளியும் அன்றோடு போச்சு. கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் விட்டாலும் படித்ததெல்லாம் படிக்காத கணக்குத்தான். ஆசிரியர் பாடம் நடத்த நடத்த, வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கமாகவே சாய்ந்து தூங்கும். அந்தக் கட்டடம் இன்றைக்கும் கிழக்கே ஒரு சாண் சாய்ந்து நிற்பதற்கு நாங்கள்தான் காரணம்.

மல்சுன் ஹப்சொன் மலைப்பக்கத்துக்காரி. ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். போதுமடா சாமி என்று வீட்டார் வைத்த பெயர்தான் மல்சுன்; 'மல்' என்றால் முடிவு. அண்ணனைக் கல்லூரிக்கு அனுப்ப மாட்டை விற்றார் அப்பா. இவளை நடுநிலைப் பள்ளியோடு நிறுத்திவிட்டார். 1981இல் ஆலைக்கு வந்தாள். வந்தது சம்பளத்துக்காக இல்லை, யூனிஃபார்முக்காக. பஸ்ஸில் யூனிஃபார்ம் போட்டவளைக் கண்டக்டர் பெண் 'மாணவி' என்பாள். போடாதவளைப் பார்த்தால் 'ஏய் மில்லுக்காரி'. முதல் ஞாயிற்றுக்கிழமை மல்சுன் வேலை வெட்டி இல்லாமல் பஸ் மாற்றி பஸ் ஏறி ஊரையே சுற்றினாள். 'மாணவி, உள்ள போம்மா' என்று கேட்பதற்காகத்தான்.

இரண்டு வருடம் கழித்து அரசாங்கம் நாடு முழுக்கப் பள்ளி யூனிஃபார்மை எடுத்துவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் ஜீன்ஸுக்கு மாறினார்கள். எங்கள் பள்ளி மட்டும் மாறவில்லை. வெள்ளைக் காலரைத் தூரத்தில் பார்த்தே கண்டக்டர் சொன்னாள்: "மில்லுக்காரி, வழிய விட்டுத் தள்ளி நில்லு."

"பரவால்லடி," என்றாள் எங்கள் அறை ஒக்புன். "இனிமே தொலைஞ்சு போனாலும் கண்டுபுடிச்சு கொண்டாந்து விட்ருவாங்க. மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். மல்சுன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கண் மேல்மாடிக்குப் போய்விட்டது.

மேல்மாடி என்றால் ஆலையின் ஆபீஸ். அங்கே பஞ்சு பறக்காது. உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முதல் மாணவியாகத் தேறுகிறவளை மேல்மாடியில் கணக்கு எழுத எடுப்போம் என்று தாக் மேனேஜர் ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் நாளில் மேடையேறிச் சொல்லுவார். மல்சுன் கணக்குப் போடும் மணிச்சட்டம் ஓடுகிற வேகத்தில் காற்று வரும். கோடையில் நாங்கள் அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவோம்.

ஒருநாள் வேறு ஊர் ஆலை முதலாளிகள் சிலர் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். மல்சுனை நடுவில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். பார்லித் தேநீர் ஊற்ற என்னை நிறுத்தியிருந்தார்கள்.

"இதெல்லாம் வீண் செலவு இல்லையா தாக்?" என்று கேட்டார் ஒரு தொந்திக்காரர்.

"சம்பளம் ஏத்தறதவிட இது சல்லிசுங்க," என்றார் தாக். "முன்னாடியெல்லாம் தொழில் கத்துக்குற வரைக்கும் இருப்பாளுங்க, அப்புறம் பக்கத்து மில்லுக்கு ஓடிருவாளுங்க. இப்போ கதவத் தொறந்து வெச்சாலும் போக மாட்டாளுங்க. படிச்சதுல புத்தியும் வளருது. மெஷின் நின்னா மெக்கானிக்கத் தேடறதில்ல, தானே படிச்சுப் பாத்து சரி பண்ணிடறாங்க. கல்யாணம் ஆகற வரைக்கும் நம்ம புள்ளைங்கதான்."

மல்சுன் அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மணிச்சட்டத்தில் ஒரு மணி கூடத் தடுமாறவில்லை.

கடைசி வருட இலையுதிர் காலத்தில் சுன்தொக் அக்கா வந்தாள். முன்பு எங்கள் அறையில் இருந்தவள், படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு பூசான் துறைமுகத்துக்கு ஓடிப்போனவள். வரும்போதே காய்ந்த கணவாய் மீனைக் கிழித்து எல்லோர் கையிலும் கொடுத்தாள்.

"மல்சுன், எங்க மீன் கம்பெனியில கணக்கெழுத ஆள் வேணும்டி. மொதலாளிகிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன். சர்டிபிகேட்டெல்லாம் கேக்கல. மேசை நாற்காலியோட வேலை. அடுத்த வாரமே வந்துடு."

"இன்னும் நாலு மாசம்தான்க்கா. தை மாசம் தாண்டினா கையில சர்டிபிகேட்."

"நாலு மாசம் அந்த மேசை காத்துக்கிட்டிருக்குமா? நீ கெட்டிக்காரினு நெனச்சேனே."

"இப்ப வந்தா நான் படிச்சதே இல்லன்னு ஆயிரும்க்கா. மூணு வருசம் தூங்காம இருந்தது வீணா? இங்கயும் மேல இடம் இருக்கு. மேனேஜரே சொல்லியிருக்கார்."

சுன்தொக் கணவாயை மென்றுகொண்டே அவளைப் பார்த்தாள். "கயித்த அவங்க போட்டாங்க. முடிச்ச நீயே போட்டுக்கறே," என்றாள். அந்த வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

குளிர்காலம் முடியும்போது மல்சுன் முதல் மாணவியாகத் தேறினாள். மறுநாள் காலர் கத்திபோல நிற்கும்படி யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். திரும்பி வந்து நடந்ததை வார்த்தைக்கு வார்த்தை எங்களிடம் சொன்னாள்.

"உக்காரு," என்றாராம் தாக். அதுவே பெரிய மரியாதை. "ஆபீஸுக்கு நகரத்து வணிகப் பள்ளியில இருந்து ரெண்டு பேர எடுத்தாச்சு. கோவிச்சுக்காத. உன் கை மாதிரி ஒரு கை இந்த ஆலையில கெடையாது. உன்ன மேல தூக்கி வெச்சா கீழ நூல யாரு பாக்கறது?"

"மேடையில சொன்னீங்களே ஐயா."

"மேடையில சொன்னதாலதானே இவ்வளவு நல்லாப் படிச்சே."

கேட்டுக்கொண்டிருந்த ஒக்புனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாக் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லையே!

மல்சுன் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாளாம். அப்போது தாக் கூப்பிட்டு இன்னொன்று சொல்லியிருக்கிறார். "மெஷின் பக்கமே வர வேண்டாம், அப்படி ஒரு வேலை இருக்கு. ஊர் ஊரா போயி பொண்ணுங்கள அழைச்சிட்டு வரணும். இதே யூனிஃபார்மோட போ. பள்ளிக்கூடத்தப் பத்தி எடுத்துச் சொல்லு."

"நீ என்னடி சொன்னே?" என்று கேட்டேன்.

"மெஷின் பக்கம் வர வேண்டாம்னாரு," என்றாள் மல்சுன். அடுத்த வாரமே கிளம்பிவிட்டாள்.

அந்த வேலையிலும் அவள் கெட்டிக்காரியாகவே இருந்தாள். போன ஊரிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. கல்லைக் கூப்பிட்டால் கல்லும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறும். ஒரு வசந்த காலத்தில் சொந்த ஊரான ஹப்சொனுக்கே போனாள். மூத்த அக்கா மகள் ஹேரான் நடுநிலைப் பள்ளியை முடித்திருந்தாள். அங்கே நடந்ததை ஹேரான்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"நெஜமாவே படிக்க வெப்பாங்களாடி?" என்று கேட்டாள் அக்கா.

"வெப்பாங்க. ஃபீஸ் கெடையாது. புத்தகம், சாப்பாடு எல்லாம் அவங்களே." அத்தனையும் உண்மை.

ஹேரான் சித்தியின் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சு முடிச்சா என்ன பண்ணுவாங்க சித்தி? ஆபீஸ்ல போடுவாங்களா?"

மல்சுன் சூப்பில் கிடந்த முள்ளங்கித் துண்டைக் கரண்டியால் இரண்டாக நசுக்கினாளாம். பிறகு, "மொத மாணவியாத் தேறினா," என்றாளாம்.

ஹேரானுக்குச் சித்தியின் மூளை. மூன்று வருடமும் அவள்தான் முதல். மூன்றாம் வருட முடிவில் தாக், ஹேரானுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்படி மல்சுனைத்தான் அனுப்பினார். நான் ஹேரானுக்கு அடுத்த மெஷினில் நின்றிருந்தேன். இரைச்சலில் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது கைவந்த கலை.

"மேல எடம் இல்லையாம்," என்றது மல்சுனின் வாய்.

ஹேரான் சித்தியின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "என்ன அழைச்சிட்டு வர்றப்பவே உனக்குத் தெரியுமா சித்தி?"

"தெரியும்."

மெஷினில் சுழன்ற ஏதோ ஒரு கதிரில் நூல் அறுந்தது. ஹேரான் திரும்பி, அதை எடுத்து இணைத்துவிட்டு, அடுத்த கதிருக்குப் போனாள். மல்சுன் நடைபாதையிலேயே நின்றாள். பஞ்சு பறந்து வந்து அவள் தோளில் விழுந்துகொண்டே இருந்தது.