ஒரே வரிசையில் ஏழு பெரியண்ணன்கள்

போன வாரம் கம்ப்யூட்டரிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

எங்கள் அடுக்ககத்தில் கண் பரிசோதனை முகாம். ஆள் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எண்பது வயதில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்கிறேன் என்று பீற்றிக்கொண்டால் வேறென்ன கிடைக்கும்?

அந்த மொழியில் பட்டியலுக்கு அர்ரே என்று பெயர். மாடிகளின் பட்டியல், ஒவ்வொரு மாடிக்குள்ளும் வீடுகளின் பட்டியல், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆட்களின் பட்டியல். சம்புடத்துக்குள் சம்புடம் மாதிரி. இதைத்தான் நெஸ்டட் அர்ரே என்கிறார்கள்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே... உள்ளே இருப்பதையெல்லாம் உடைத்து ஒரே வரிசையாக்க ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்தேன். இரண்டு முறை வரும் பெயரை நீக்கு என்று இன்னொன்றும் கொடுத்தேன். முதல் மாடி லட்சுமியும் மூன்றாம் மாடி லட்சுமியும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதுகளில், கொல்லிமலையில், இதே தப்பைக் காகிதத்தில் செய்தவன் நான்.

அப்போது அம்மை குத்தும் குழுவில் எழுத்தர் வேலை. புளியஞ்சோலையிலிருந்து நடந்தே மலையேறுவோம். குழந்தைகளின் பெயரை எழுதிக் கீழே அனுப்பினால், அந்த எண்ணிக்கைக்கு மருந்து வரும். ஓர் ஊரில் தலைவரான ஊர்க்கவுண்டர் வீடு வீடாகச் சொல்லச் சொல்ல, நான் காகிதத்தை மிச்சம் பிடிக்க, வீட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதினேன். பிறகு பார்த்தால் ஏழு இடத்தில் பெரியண்ணன்! கைதவறி எழுதிவிட்டோம் என்று ஆறைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அங்கே தலைப்பிள்ளைக்குப் பெரியண்ணன் என்ற சாமி பெயரைத்தான் வைப்பார்கள் என்று யாரையாவது கேட்டேனா?

குத்தும் நாளில் எல்லோருக்கும் குத்தி முடிப்பதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே அம்மை கண்டிருந்தது. பொன்னாயி என்றொரு தாய், இடுப்பில் பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியண்ணனுக்குத்தான் குத்தியாச்சே?" என்றேன்.

"அது எங்க கொழுந்தனார் ஊட்டுப் பெரியண்ணனுங்க. இவன் எங்க ஊட்டுப் பெரியண்ணனுங்க."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து தாய்மார்கள் — ஐந்து பெரியண்ணன்கள்.

வெட்கத்தில் முகம் சுண்டிப்போயிற்று. அன்றே மலையிறங்கி ஓடினேன். மருந்தோடு திரும்ப மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் வேண்டாத தெய்வமில்லை. அதற்குள் அம்மை அந்த ஊருக்குள் நுழைந்திருந்தால்... இன்றைக்கும் அதற்கு மேல் நினைக்க மனம் வருவதில்லை.

நல்லவேளை, நுழையவில்லை. பொன்னாயிதான் முதல் ஆளாக நின்றிருந்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. உட்கார்ந்து புதுக் காகிதத்தை விரித்து, பழக்க தோஷத்தில், "பிள்ளை பேரு?" என்றேன்.

"மொதல்ல ஊட்டை எழுதுங்க சாமி," என்றாள் நிதானமாக. "பேரு எங்கயும் ஓடிப் போயிறாதுங்க."