பாம் ஷெல்டரில் என் ஸ்கூட்டர் இன்ஜின்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டு பாம் ஷெல்டருக்குள்ளிருந்து பல் டாக்டர் கிளினிக் சத்தம் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சிங்கப்பூரின் புதிய அடுக்குமாடி வீடுகளில், போர் வந்தால் ஒளிந்துகொள்ள இரும்புக் கதவோடு ஒரு கான்கிரீட் அறை உண்டு. போர் வராததால் அதில் அரிசி மூட்டை, தீபாவளி விளக்குகள், பழைய பெட்டிகள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். அன்று கூடுதலாக, பிரித்துப் போட்ட என் ஸ்கூட்டர் இன்ஜின்.

என் ஸ்கூட்டர். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக். ஆங் மோ கியோவிலிருந்து தஞ்சோங் பகாரில் இருக்கும் என் ஆபீசுக்கு தினமும் என்னைச் சுமந்து போகிறது. புகை விடும். மேட்டில் முனகும்... அதனால் என்ன? படியேறும்போது நானும்தான் முனகுகிறேன்.

என் கணவர் சங்கருக்குத்தான் அது பொறுக்கவில்லை. திருச்சிக்காரர், இங்கே கப்பல் பட்டறையில் இன்ஜினியர். ஒரு நாள் மாடி பஸ்ஸின் மேல்தட்டில் வந்துகொண்டிருந்தவர், முன்னால் நான் மேம்பாலம் ஏறுவதையும், ஒரு லாரி என் முதுகை ஒட்டி வந்து ஹார்ன் அடிப்பதையும் பார்த்துவிட்டார்.

"இன்ஜின்ல கொஞ்சம் வேலை பாத்தா நல்லா பிக்கப் கிடைக்கும், கலா."

"நான் கேட்டேனா? அது ஓகேவாதான் ஓடுது லா."

"நீ கேக்க மாட்டே. அதான் நானே செய்றேன்."

கேட்காத உதவியைத் தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால், சரி, அவளுக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வேலை இதுதான். இன்ஜினின் அடிப்பெட்டிக்குப் பெயர் கேஸ். அதன்மேல் சிலிண்டர் உட்காரும். பெட்ரோல் கலவை கேஸிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு வழிகளில் சிலிண்டருக்குள் ஏறும்; ஒன்று பெரிது, மற்றது சின்னது. ஆனால் கேஸின் வாயும் சிலிண்டரின் வாயும் சரியாகப் பொருந்துவதில்லை. மேலே அகலம், கீழே குறுகல். கேஸின் வாயைச் சின்ன கிரைண்டரால் தீட்டி மேலே இருப்பதோடு சமமாக்கிவிட்டால், கலவை முட்டாமல் மோதாமல் போகும். வண்டி சீக்கிரம் வேகம் எடுக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஒரு சிக்கல். அந்தக் கேஸில்தான் இன்ஜின் நம்பர் வெட்டியிருக்கிறது. வண்டியின் பதிவிலும் அதே நம்பர். கேஸ் பாழானால் வேறொன்றை வாங்கிப் பொருத்திவிட முடியாது. நம்பர் மாறும், அனுமதி, சோதனை, அலைச்சல்... இத்தனை வயதான வண்டிக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா? கேஸ் போனால் என் ஸ்கூட்டர் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி மேலே வந்துவிடுவார். அதனால் சனிக்கிழமை, கதவைப் பாதி சாத்திக்கொண்டு. அலுமினியத் தூளை உறிஞ்ச வேக்குவம் கிளீனர் குழாயைப் பிடிப்பது என் வேலை.

சங்கர் சிலிண்டரைத் தலைகீழாக வைத்து, அதற்கும் கேஸுக்கும் நடுவே வரும் கேஸ்கெட் அட்டையை அதன்மேல் பரப்பி, இரண்டு வாய்களின் அளவுக்கு அட்டையைக் கத்தரித்தார். பிறகு அதை அப்படியே எடுத்துக் கேஸின் மேல் வைத்தார். நான்கு போல்ட் ஓட்டைகளும் கச்சிதமாகப் பொருந்தின. மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். கிரைண்டர் அலறியது.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஏதோ உறுத்தியது. லிட்டில் இந்தியாவில் துணி எடுத்து என் ரவிக்கையை நானே தைப்பவள் நான். காகித அளவைத் திருப்பிப் போடாமல் வெட்டினால் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். எல்லோரும் ஒரு தடவையாவது அப்படித் துணியைப் பாழாக்கியிருப்போம்.

"நிறுத்துங்க. சிலிண்டர் தலைகீழாதானே இருந்துச்சு? அட்டையைத் திருப்பினீங்களா?"

கிரைண்டர் நின்றது. சங்கர் சிலிண்டரை எடுத்து நேராக்கிக் கேஸின் மேல் வைத்தார். இடமும் வலமும் மாறிப்போயிருந்தன. சின்னதாக இருக்க வேண்டிய பக்கத்தைப் பெரிதாக்கியிருந்தார். காற்றை அடைத்து நிற்க வேண்டிய ஓரத்தில் ஒரு நூல் அகலம்தான் மிச்சம். இப்படியே பூட்டினால் காற்று கசியும், பிஸ்டன் சூடாகி இறுகிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

"நல்லா ஓடுற வண்டி. யார் உங்கள கேட்டா?"

"அன்னைக்கு அந்த லாரி உன்ன இடிச்சிருக்கும் கலா. மேல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கக்கூட முடியல."

இதை அவர் அதற்குமுன் சொன்னதே இல்லை. பிக்கப், பிக்கப் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் பயத்தை ஏன் பயம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? சொல்லியிருந்தால் அந்த மேம்பாலத்தை விட்டு வேறு வழியில் போயிருப்பேனே. என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அவருடன் வேலை செய்யும் வெல்டர் அன்பழகன் மறு வாரம் கேஸை வாங்கிப் பார்த்தார். "அலுமினியம் ஊத்தி அடைச்சிடலாம் சார். நம்பர் தள்ளிதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகவில்லை. அடைத்த இடத்தைச் சமமாக்கி, மறுபடி கோடு போட்டுத் தீட்டினார்கள். இந்த முறை அட்டையைத் திருப்பி வைத்தது நான்.

போன திங்கட்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அதே மேம்பாலம். முனகவே இல்லை; பின்னால் வந்த லாரி பின்னாலேயே சின்னதாகிப் போனது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் பிளாக்குக்குக் கீழே சங்கர் காத்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"உண்மையைச் சொல்லணும்னா... பறக்குது."

அவர் முகம் மாறியது. ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நாளைலேர்ந்து மெதுவா போ."