பையோடு வாசலில் நின்றவள்

என் தோழி நாவல் எழுதுகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வீட்டில் அவளுக்கு ‘டெலிபோன்’ என்று பட்டப்பெயர். எந்நேரமும் என்னோடு போனில் அரட்டை அடிக்கிறாளாம். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கே கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். நான் முன்னால் கவுண்டரில். அவள் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். மிஷின் சத்தத்தில் பகலெல்லாம் கதை ஓடும். வீட்டுக்குப் போய் அதை எழுதலாம் என்று பேனா மூடியைத் திறந்தால் போதும், எல்லோருக்கும் மூக்கில் வியர்த்துவிடும். “சும்மாதானே உக்காந்திருக்கே, இந்தச் சட்டையை அயர்ன் பண்ணிடேன்” என்பார் கணவர். கதவைச் சாத்தலாம் என்றால் தாழ்ப்பாள் இல்லை. மகன் சின்ன வயதில் உள்ளே மாட்டிக்கொண்டு அலறினான் என்று கழற்றிப் போட்டது. அந்தப் பிள்ளைக்கு மீசையே வந்துவிட்டது, தாழ்ப்பாள் வரவில்லை.

ஆனால் என் தோழி லேசுப்பட்டவளா? எழுதுகிற பெண்ணைக் கூப்பிடுகிறவர்கள், போனில் பேசுகிற பெண்ணைக் கூப்பிடுவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். பேசுவதை எழுத்தாக்கும் வசதியைப் போனில் ஓடவிட்டு, காதில் வைத்துக்கொண்டு, “அப்புறம் அவ என்ன பண்ணா தெரியுமா?” என்று நாவலைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த முனையில் நான் இருப்பதாக ஊரை நம்ப வைத்தாள். நான் என் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிச் சொல்லியே நாவல் வளர்ந்துவிட்டது. ஒரு பதிப்பாளர் படித்துவிட்டுப் புத்தகமாகப் போடுகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக்கி கடைசி அத்தியாயம் மட்டும். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். அங்கே வந்து சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டாள்.

“என் கதையில அவ பையோட வாசலுக்கு வந்துட்டாடி. புருஷன் வீட்டை விட்டுப் போகணும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்றது? அத்தை கதவுக்கு வெளியிலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க.”

அத்தை என்றால் அவள் மாமியார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை பாடுபட்டு எழுதியதெல்லாம் ஒரு நாற்காலிக்காக நிற்பதா?

வியாழக்கிழமை அந்த மாமியாரே கடைக்கு வந்தார். கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட வேண்டுமாம். பின்னறையில் மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, கவுண்டர் மேல் குனிந்தார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு விஷயம் என்னாச்சு?”

“எந்தப் பொண்ணும்மா?”

“நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிறீங்களே, அந்த ஃபிரெண்டுதான். எத்தனை நாளா பையைத் தூக்கிக்கிட்டு வாசல்லயே நிப்பா? கால் வலிக்காது? என் தம்பி வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. வந்து இருந்துக்கச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“கதையா? அவளை நினைச்சு எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கலை.” கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். “சரி, கதைன்னா கிளம்ப வேண்டியதுதானே? ஏன் நிக்கிறா?”

“நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கல்ல. அதான்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். குடி கெட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் தோழியோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன்.

படுக்கையறை வாசலில் தச்சர் குந்தியிருந்தார். கையில் புதுத் தாழ்ப்பாள்.

“உள்பக்கமாம்மா, வெளிப்பக்கமா?”

“உள்பக்கந்தான். வெளியில போட்டு நாங்க என்ன பண்ண?” என்றார் மாமியார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோழி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தச்சர் போனதும் மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். “உள்ளே போ. அவளை அனுப்பி வெச்சுட்டு வா.”

தாழ்ப்பாள் விழுந்தது. மாமியார் தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அடுப்படிப் பக்கம் போட்டார். போதாதென்று டிவி சத்தத்தையும் கூட்டினார். கணவர் சட்டையும் கையுமாக வந்து, “எங்கம்மா அவ?” என்றார்.

“அவ வேலையா இருக்கா. அயர்ன் பாக்ஸ் உனக்கும் சூடாகும், போ.”

எனக்கு அந்த மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கதவு திறந்தபோது தோழியின் முகம் அழுது கழுவினாற்போல் பளிச்சென்று இருந்தது.

“கிளம்பிட்டாளா?” என்றார் மாமியார்.

“கிளம்பிட்டா, அத்தை.”

“திரும்பிப் பார்த்தாளா?”

“இல்லை.”

“நல்லவேளை.” டிவியை அணைத்தார். “நான் திரும்பிப் பார்த்துட்டேன். அதான் இங்கயே இருக்கேன்.”

தோழி மெல்ல அந்த நாற்காலியைத் தூக்கினாள். அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள்.

“உள்ளே வாங்க அத்தை” என்றாள். “கதவைச் சாத்திக்கலாம்.”