கடலில் விட்ட கட்டு

ஈரத்தாள் மணம் பட்டாலே இன்றும் எனக்கு அந்த வாரம்தான் நினைவுக்கு வரும். சில வருடங்களுக்கு முன், மாரி மழையில் எங்கள் கடலோர ஊரான மருதமுனைக்குள் வெள்ளம் ஏறிய வாரம் அது.

என் உம்மாவின் அக்காவான மூத்தம்மாவின் மகன், அண்ணன் முறை என்பதால் நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், இளமையிலேயே சீனாவுக்குப் படிக்கப் போனவர். திபெத்திய மொழியும் கற்று, குளிர்நாடுகளில் முப்பது வருடம் படிப்பித்துவிட்டு, தனியாளாக ஊருக்குத் திரும்பியிருந்தார். அவருடைய புத்தகங்களை எங்களில் எவரும் வாசித்ததில்லை. "காக்கா, இந்தச் சீனப் போன் பெட்டியில என்ன எழுதிக் கிடக்கு?" என்று மட்டும் கேட்டு ஊரார் வருவார்கள். "தண்ணியில போடாதடா எண்டு கிடக்கு" என்று வாசித்துச் சொல்வார்.

கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போகையில் வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார். வெள்ளம் வடிந்ததும் போய்த் திறந்தேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய குர்ஆன் பிரதியொன்றும், நூலால் கட்டிய தாள்கட்டொன்றும் ஊறிக் கிடந்தன. கட்டின் மேல்தாளில் எனக்குத் தெரியாத எழுத்து. யாரோ ஒரு சனத்தின் வேதமாக இருக்கும், குப்பையில் எறியக் கூடாது என்று நினைத்தேன். சிதைந்த குர்ஆன் தாள்களைக் கால்படாமல் ஆழ்கடலில் விடுவது எங்கள் வழக்கம். இரண்டையும் வெள்ளைத் துணியில் சுற்றி, கல் கட்டி, தோணியில் போய் விட்டேன். கடல் அன்று களிமண் நிறம். என் மனசோ நிறைந்திருந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு வந்த காக்கா முதலில் தேடியது அந்தக் கட்டைத்தான். திபெத்திய மொழியிலும் சீன மொழியிலும் உள்ள ஒரு நூலை வரிக்கு வரி ஒப்பிட்டு, நாங்களும் வாசிக்கட்டும் என்று கையால் மொழிபெயர்த்து எழுதி வந்தது. வேறு பிரதி இல்லை. மேல்தாளில் மட்டும்தான் மூலம்; கீழ்த்தாள்கள் முழுக்கத் தமிழ். ஒரு தாளைப் புரட்டியிருந்தால் காற்றாடிக்குக் கீழே காயவைத்திருப்பேன்.

கடலில் விட்டதைச் சொன்னபோது அவர் ஏசவில்லை. பிறகு பேனையும் எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில், கடைசியாகப் படிப்பித்த நாட்டுக்கே திரும்பப் புறப்பட்டார். திறந்து பாராமல் செய்யும் கண்ணியமும் அலட்சியம்தான் என்று அவரை வழியனுப்பப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது. இன்னும் உறைத்துக்கொண்டே இருக்கிறது.

கல்முனையில் பஸ் ஏறுமுன் கேட்டார்.

"கடல்ல விடக்குள்ள ஓதினியா?"

"ஓம் காக்கா. பிஸ்மி சொல்லித்தான் விட்டன்."

"அப்ப மையத்தப் போல நல்லா அடக்கம் செஞ்சிருக்காய். நான் வாறன் தம்பி."